அதே மாதிரி பத்து மீன்

1

இந்தக் கதையை நானாக யோசித்துப் பிடித்தேன் என்று சொன்னால் பொய். மீன் கடையில் நின்றபோது காதில் விழுந்தது.

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து நெருப்பெரிச்சல் பக்கம் திரும்புகிற இடத்தில் சென்னிமலை என்பவர் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். என் வீட்டுத் தொட்டியின் காற்று மோட்டார் ரைஸ்மில் மாதிரி இரைகிறது என்று அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தேன். நல்ல வெயில் நேரம். அவர் மோட்டாரைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக உள்ளே வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. தலைமுடியெல்லாம் பனியன் பஞ்சு. கையில் ஒரு பாலித்தீன் கவர், அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் செத்துப்போன மீன்கள்.

“அண்ணே, இதே மாதிரி பத்து மீனு வேணும்.”

சென்னிமலை கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அல்லாமே போயிருச்சுங்களா?”

“போயிருச்சுண்ணே. இதே அளவு, இதே நெறம். ஒண்ணுகூட வித்தியாசம் தெரியக் கூடாது. எம்பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வாரதுக்குள்ள தொட்டியில கெடக்கணும்.”

“நியான் மீனுல அல்லாம் ஒண்ணாட்டம்தானுங்க இருக்கும். மூஞ்சி பாத்து அடையாளம் சொல்ற மீனுங்களா இது?”

“எம்பிள்ள சொல்லிரும்ணே” என்றாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் பெயர் தெரியாது. பேச்சை வைத்துச் சாத்தூர்ப் பக்கம் என்று நினைக்கிறேன். பிள்ளை ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. இனி வரப்போவதில் பெரும்பகுதி நான் இட்டுக்கட்டியது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2

முதல் வரி வராமல் இழுத்தடித்தது. எழுதி அடித்தவற்றில் மூன்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

‘நொய்யல் ஆறு அன்றைக்குச் சிவப்பாக ஓடியது. நாகஜோதி பாலத்தின் மேல்—’

(வேண்டாம். திருப்பூரைப் பற்றி எழுத வருகிற எல்லோரும் ஆற்றுச் சாயத்தில் பேனாவைத் தொட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார்கள். தவிர, நாகஜோதி, கடைக்கு வந்தவளுக்கு நான் வைத்த பெயர், ஏன் பாலத்துக்குப் போகிறாள்? அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.)

‘நியான் டெட்ரா என்பது தென்னமெரிக்க ஆறுகளில் கூட்டமாக வாழும் சிறு மீன். உடம்பில் ஒரு நீலக் கோடு, அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. தனியாக விட்டால் தீனி எடுக்காமல்—’

(இது பாடப்புத்தகம். பரீட்சைக்கு வேண்டுமானால் ஆகும்.)

‘கூட்டத்தைப் பிரிந்த மீனும் ஊரைப் பிரிந்த மனிதரும் ஒன்று. இரண்டும்—’

(இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் அடித்தேன். எழுதியவனுக்கே கண் கலங்குகிற வரியை நம்பக் கூடாது. அதோடு இதில் உண்மையும் இல்லை. நாகஜோதி வேலை செய்யும் கம்பெனியில் அவள் ஊர்க்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பேச்சுப் பேசுகிறார்கள். கூட்டத்துக்கு அவளிடம் குறைவில்லை. அவளிடம் குறைந்தது வேறு.)

ஆகையால் இப்படித் தொடங்குகிறேன். நேராக, சுற்றி வளைக்காமல்.

3

நாகஜோதியை அவள் பெற்ற பிள்ளை ‘திருப்பூரம்மா’ என்று கூப்பிட்டது.

பிள்ளையின் பெயர் முனீஸ்வரி. வீட்டில் முனீஸ். தவழ ஆரம்பிப்பதற்கு முன்பே அவளை ஊரில் அக்கா சீனியம்மாளிடம் விட்டுவிட்டு நாகஜோதியும் புருஷன் பெரியகருப்பனும் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி விட்டார்கள். கொஞ்ச நாள் என்பது திருப்பூரில் எப்படி நீளும் என்று இங்கே வந்து குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை நடந்தது, பேசியது, பால்பல் விழுந்தது, எல்லாம் போனில் தெரிந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இவர்கள் போவார்கள். பையை இறக்கிவைத்துக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, இரண்டாம் நாள் திரும்பி வருவார்கள்.

முனீசுக்கு அம்மா என்றால் சீனியம்மாள். சோறு போட்டு, பேன் பார்த்து, காய்ச்சலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து அழுகிற பெண்ணுக்கும் ஒரு பெயர் வேண்டுமே. “உங்க திருப்பூரம்மா வந்துருக்கு, ஓடு” என்று தெருவில் யாரோ சொன்னார்கள். அது ஒட்டிக்கொண்டது. நாகஜோதி முதல் தடவை அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் முகம் கழுவினாள்.

(நாகஜோதிக்கு என்ன வேலை என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் செக்கிங். தைத்து வருகிற உருப்படியை மேசையில் விரித்து, எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, கோணல் தையல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு மட்டும். தன் பிள்ளை தவழ்ந்ததைப் பார்க்காமல் ஒன்பது வருஷமாக வெள்ளைக்காரப் பிள்ளைகள் தவழ்வதற்கான உடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து நான் ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எனக்கே நாக்கில் கசந்தது, விட்டுவிட்டேன்.)

போன வருஷம் நாகஜோதி பிடிவாதம் பிடித்தாள். பிள்ளையை இங்கே கூட்டி வந்து நாலாம் வகுப்பில் சேர்க்கப்போவதாகச் சொன்னாள். சீனியம்மாள் சண்டை போடவில்லை. பிள்ளையின் துணிமணியை மடித்துப் பையில் வைத்தபடியே ஒரு வார்த்தை சொன்னாள்.

“ஒரு வருசம் வச்சுப் பாரு நாகு. ஒட்டுச்சுன்னா உன் பிள்ள. முழுப்பரீட்ச லீவுல வாரப்ப அவ வாயால சொல்லட்டும். இங்கிட்டுத்தான் இருப்பேன்னு சொன்னா நீ வம்பு பண்ணக் கூடாது.”

நாகஜோதி தலையாட்டினாள். பெற்றவளுக்கு ஒரு வருஷம் போதாதா என்று நினைத்தாள்.

4

போதவில்லை.

முனீஸ் ஒரு வம்பும் செய்யவில்லை, அதுதான் கஷ்டம். போட்டதைச் சாப்பிட்டாள். சொன்ன இடத்தில் படுத்தாள். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி தட்டைக் கழுவி வைத்தாள். எதையும் கேட்கவில்லை. தலை பின்ன உட்கார வைத்தால் முதுகு விறைத்துக்கொள்ளும். சாயங்காலம் சீனியம்மாள் போன் செய்கிற நேரத்துக்கு மட்டும் முகத்தில் ரத்தம் ஓடும். இந்த வீட்டில் அவளுக்கு ஆசை என்று ஒன்று இருப்பதே ஆடி மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சென்னிமலையின் கடை வாசலில் பிள்ளை நின்றுவிட்டது. உள்ளே ஒரு தொட்டியில் நியான்கள். இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த கூட்டம், யாரோ சொன்ன மாதிரி, சடாரென்று வலப்பக்கம் திரும்பியது. முனீஸ் நாகஜோதியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“எல்லாம் எப்பிடி ஒரே நேரத்துல திரும்புது?”

வந்த நாளிலிருந்து பிள்ளை நாகஜோதியிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை மறைக்கத் தொட்டியையே வாங்கிவிட்டாள்.

சென்னிமலை எல்லாம் விளக்கமாகச் சொல்லித்தான் கொடுத்தார். “ஒண்ணு ரெண்டுன்னு வாங்காதீங்க, பயந்தே செத்துப்போகும். கூட்டமா இருக்கோணும். போர் தண்ணி ஆகாதுங்க, ஒரே உப்பு. நல்ல தண்ணியப் புடிச்சு ஒரு நாள் ஆற உட்டு ஊத்துங்க.”

அவர்கள் குடியிருப்பது நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, இரண்டுக்கும் நடுவில் துணித் திரை. நல்ல தண்ணீர் குழாயில் நினைத்தபோது வரும், வருகிற அன்று பிடித்து டிரம்மில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மொண்டு மீனுக்கு ஊற்றுவதைப் பார்த்து வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்கண்ணு, மனுசனுக்கே நல்ல தண்ணி எட்டாக்கனியா இருக்குது. மீனுக்கு ஊத்தறயா?”

“பிள்ளைக்குங்க” என்றாள் நாகஜோதி.*

* நானும் கூட்ட மீன் வளர்ப்பவன்தான். அனுபவத்தில் சொல்கிறேன், அன்புக்கு ஏங்குகிறவர்கள் இதை வளர்க்கக் கூடாது. நாய்க்குச் சோறு போட்டவரைத் தெரியும். கோழிகூடக் காலைச் சுற்றி வரும். நியானுக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. விரலை வைத்தால் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விடும். ஒன்றுக்கொன்று வைத்திருக்கிற பிரியத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

5

தொட்டி வந்த பிறகு முனீஸ் பேசினாள். நாகஜோதியிடம் அல்ல, மீன்களிடம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக் கழற்றிவிட்டுத் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்காருவாள். குரலைத் தணித்து அன்றைய சேதியெல்லாம் சொல்வாள். நாகஜோதி செக்கிங் முடிந்து வந்து, திரைக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். குக்கர் விசில் வந்தால் எரிச்சலாக இருக்கும், ஒரு வார்த்தை போய்விடுமே என்று.

“இன்னிக்கு நான் ‘அங்கிட்டு’ன்னு சொன்னேன்ல, வகுப்பே சிரிக்குது. இங்க எல்லாரும் ‘அங்க’ங்கிறாக. நானும் அப்பிடித்தான் பேசப் போறேன். நீங்க அம்மாட்டச் சொல்லிராதீக.”

அந்த அம்மா யார் என்று நாகஜோதிக்குத் தெரியும். இருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் காலையில் தலை பின்னும்போது, “எங்க கம்பெனியில எங்களையும்தான் கேலி பண்ணுவாக, அங்கிட்டு இங்கிட்டுன்னா என்ன ஆகிப்போச்சு?” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. விறைத்த முதுகு கொஞ்சம் தளர்ந்தது.

இப்படியே பல நாள் ஓடியது. பிள்ளைக்கு என்ன பயம், யார் சிநேகிதி, எந்த டீச்சர் பிடிக்கும், சுரைக்காய் பிடிக்காது என்பதெல்லாம் நாகஜோதி மீன் வழியாகத் தெரிந்துகொண்டாள். சுரைக்காய் வீட்டுக்குள் வருவது நின்றது. தை மாதம் ஒரு நாள், தூக்கத்தில் புரண்ட பிள்ளை அவள் மேல் காலைப் போட்டுக்கொண்டது. அவள் அசையாமல் கிடந்தாள். லீவு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

(இந்த இடத்தோடு கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கையில் கவரோடு அந்தப் பெண் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். அவளை என்ன செய்வது?)

6

முதல் பகுதியில் ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். கதை எழுதுகிறவன் புத்தி அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அவள் மீன் கவரோடு இன்னொன்றும் கொண்டுவந்திருந்தாள். ஈரமான ஒரு வெள்ளைத் துணி, வட்டமாக வெட்டியது. மேசை மேல் வைத்துவிட்டு, “இதனாலதானாண்ணே?” என்று கேட்டாள்.

எல்லாம் நடந்தது இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் ஃபில்டரில் இருந்த பஞ்சு நைந்துபோயிருந்தது. தண்ணீர் கலங்கலாகத் தெரிந்தது. “மீனு மங்கலாத் தெரியுது” என்று முனீஸ் மீன்களிடமே குறைப்பட்டுக்கொண்டாள். திருப்பூரில் ஒரு வீட்டில் எதையாவது துடைக்க, அடைக்க, வடிகட்ட வேண்டுமென்றால் கடைக்கு ஓட மாட்டார்கள். பனியன் வேஸ்ட் இருக்கிறது. வண்டி துடைக்க, அடுப்புச் சட்டி பிடிக்க, தலையணை திணிக்க எல்லாம் அதுதான்.

ஆனால் நாகஜோதி வேஸ்ட் மூட்டையில் கையை விட்டுக் கிடைத்ததை உருவிக்கொண்டு வரவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டு, கட்டிங்கில் மிஞ்சியதில் நல்லதாகப் பொறுக்கி எடுத்தாள். வெள்ளை வெளேரென்று, கன்னத்தில் வைத்தால் வெண்ணெய் போல இருக்கும் துணி. கைக்குழந்தைத் துணி. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் கம்பெனியில் சொல்லிக்கொடுப்பார்கள்: இந்தத் துணியில் கெட்ட சாயம் கிடையாது, குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் ஒன்றும் ஆகாது, சர்டிபிகேட் இருக்கிறது. ஒன்பது வருஷமாகக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். ஊர் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து அனுப்புகிற துணியில் ஒரு சாண் தன் பிள்ளையின் மீனுக்கு வந்தால் என்ன என்று நினைத்தாள். அதை நனைக்கக்கூட இல்லை. உப்புத் தண்ணீரில் அலசினால் அதன் மென்மை போய்விடுமே.

பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஃபில்டரைத் திறந்து வட்டமாக வெட்டித் திணித்தாள். சாயங்காலம் வந்து பார்க்கட்டும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே சந்தோஷமாக இருந்தது. வேலைக்குப் போனாள்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது தண்ணீரின் மேல் மெல்லிய நுரை நின்றது. மீன்கள் தரையிலும் மேலேயுமாகக் கிடந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கப் பார்க்க அதுவும் நின்றது. பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த பெரியகருப்பன் தொட்டிக்குக் கீழேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

(இங்கே ஒரு சங்கடம். முதலில் எழுதியபோது துணியைப் போட்டது பெரியகருப்பன்தான். எழுத வசதியாக இருந்தது. ஆம்பளை, அசட்டை, தூக்கக் கலக்கம், திட்டுவதற்குத் தோதான ஆள். நாகஜோதியும் நன்றாகத் திட்டினாள். ஆனால் பக்கம் முழுக்கப் பொய் வாடை. இப்படிப் பொறுக்கி எடுத்துச் செய்ய அவனுக்கு வராது. அக்கறை இல்லாதவனாக இருந்தால் தெருமுனைக் கடையில் பத்து ரூபாய்ப் பஞ்சை வாங்கிப் போட்டிருப்பான், மீன்களும் பிழைத்திருக்கும். அவன் பெயரை அடித்துவிட்டு நாகஜோதி என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே அவள் மேல் கோபம் வந்தது. பிறகு அது யார் மேல் என்று தெரியாத கோபமாகிவிட்டது.)

சென்னிமலை துணியைப் பிழிந்து விரலில் தேய்த்தார். வழுவழுவென்று வந்தது.

“கம்பெனித் துணிங்களா?”

“கைக்கொழந்தத் துணிண்ணே. வாயில வச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாக.”

“சாஃப்ட்னர் போட்டிருப்பாங்க, மெத்துமெத்துன்னு இருக்கறதுக்கு. கொழந்தைக்கு ஆகுமுங்க. மீனுக்கு ஆகாது.”

அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

7

புது மீன்களைக் கட்டிக் கொடுக்கும்போது சென்னிமலை எச்சரித்தார். “தொட்டியச் சுத்தமா கழுவிப்போட்டுப் புதுத் தண்ணி ஊத்துங்க. ரெண்டு நாளைக்கு வெளுத்துப்போயி மூலையில ஒண்டிட்டு நிக்கும். பயந்த மீனுக்கு நெறம் நிக்காதுங்க. பழகினாத்தான் கலரு வரும்.”

“இன்னிக்கே வராதாண்ணே?”

“அது எப்படீங்க வரும்?”

அரைநாள் பெர்மிஷன் சொல்லிவிட்டு நாகஜோதி வீட்டுக்கு ஓடினாள். பெரியகருப்பனை எழுப்பினாள். இரண்டு பேருமாகத் தொட்டியைக் கழுவி, டிரம்மில் இருந்த நல்ல தண்ணீரையெல்லாம் ஊற்றினார்கள். குடிக்கச் செம்புத் தண்ணீர்தான் மிஞ்சியது.

“பிள்ளட்ட உள்ளதச் சொல்லிறலாம்ல” என்றான் பெரியகருப்பன்.

“என்னன்னு சொல்ல? நாந்தான் கொன்னேன்னா? லீவுக்கு இன்னும் பத்து நாளுகூட இல்ல. சொல்லிட்டு, போயிட்டு வா தாயின்னு பஸ் ஏத்தி விடவா?”

அவன் செத்த மீன்களைக் கவரோடு எடுத்துக்கொண்டு வெளியே போனான். புது மீன்கள் தொட்டியின் பின்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நீலக் கோடு சாம்பல் மாதிரி இருந்தது. சிவப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நாகஜோதி டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். ஜன்னலை மூடி வைத்தால் தெரியாது என்று மூடினாள். துணியில் ஒரு ஊசி ஓட்டையைக்கூடத் தவற விடாதவள் இத்தனை பெரிய கறையை எப்படி மறைப்பாள் என்று எனக்கும் தெரியவில்லை.

8

முடிவுகள்.

(அ) முனீஸ் வந்தாள், பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. மீன்கள் இரண்டு நாளில் பழகி நிறம் பிடித்தன. லீவில் ஊருக்குப் போய், “நான் அம்மாகூடத் திருப்பூர்லயே இருக்கேன்” என்றாள்.

இதை எழுதி முடித்து மறுபடி படித்தேன். தினமும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரியாதாம். பெரியவர்களுக்கு வேண்டிய கதை இது. பெரியவர்களுக்கு ஏற்கெனவே நிறையக் கதை இருக்கிறது.

(ஆ) முனீஸ் வந்தாள், பார்த்தாள், வீறிட்டாள். “என் மீனெல்லாம் எங்க? நீ எங்கம்மா இல்ல!” என்று கத்திக்கொண்டு பையை எடுத்து—

(டிவி சீரியல். இந்த இடத்தில் மழை வேறு பெய்ய வேண்டும்.)

(இ) முனீஸ் வந்தாள். பையைக் கழற்றினாள். தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பின்மூலையையே பார்த்தாள். நாகஜோதி திரைக்கு இந்தப் பக்கம் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் கேட்கத் துணிந்து குரல் கொடுத்தாள். “மீனு நல்லாருக்கா தாயி?”

“நல்லாருக்கு” என்றது பிள்ளை.

நாகஜோதிக்கு மூச்சு வந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தாள். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குசுகுசுவென்று பேச்சுக் கேட்டது.

“பயப்படாதீக. மொதல்ல ஒரு மாதிரித்தான் இருக்கும். யாரையும் தெரியாது, அழுகையா வரும். அப்புறம் பழகிரும்.”

குரலை இன்னும் தணித்துச் சொன்னாள்.

“நீங்க புதுசுன்னு யார்ட்டயும் காட்டிக்கிறாதீக. பழைய மீனு மாதிரியே இருங்க. திருப்பூரம்மா பாவம்ல. தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அழுதுரும்.”

தீக்குச்சி நாகஜோதியின் கையிலேயே இருந்தது. அவளுக்கு உள்ளே போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அழுதால், அழக் கூடாது என்று பிள்ளை பட்ட பாடு வீணாகிவிடும். அவள் போகவில்லை.

(இந்த முடிவோடு நிறுத்தியிருக்க வேண்டும். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, “பிள்ளைக்கு எவ்வளவு பிரியம் பாருங்க, நல்லபடியா முடிச்சிருக்கீங்க” என்றார். எனக்குத் திக்கென்றது. ஒன்பது வயசுப் பிள்ளை பெற்றவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நல்ல முடிவா? அவருக்காகவே மிச்சத்தையும் எழுதுகிறேன்.)

வழக்கமான நேரத்துக்குச் சீனியம்மாளின் போன் வந்தது. நாகஜோதி ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் போனிலிருந்து கையை எடுக்காததைப் பிள்ளை பார்த்தது.

“சாப்பிட்டியா தாயி?”

“இனிமேத்தான்மா.”

“மீனெல்லாம் எப்பிடி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“லீவு விடப் போறாகளே. துணிமணி, புத்தகம் எல்லாத்தையும் கொண்டாந்துருதியா?”

முனீஸ் நாகஜோதியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

“லீவுக்கு மட்டும் வாரேன். அப்புறம் இங்கயே இருந்துக்கிறேன்.”

போன் கட்டாகிவிட்டதோ என்று நாகஜோதி எட்டிப் பார்த்தாள்.

“இங்க நல்லா இருக்கா உனக்கு?” என்று கேட்டாள் சீனியம்மாள்.

“நல்லாருக்கு. அம்மா நல்லாப் பாத்துக்கிறாக.”

‘அம்மா’ என்ற அந்த வார்த்தை நாகஜோதியின் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அது. சற்று முன்னால் ‘மீன் நல்லாருக்கு’ என்று சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில் அது வந்தது.

“போனை அவட்டக் குடு” என்றாள் சீனியம்மாள். முனீஸ் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், முகத்தை அண்ணாந்து பார்த்தபடி.

“நாகு, நீ பொய் சொல்ல மாட்ட. பிள்ள மனசாரத்தான் சொல்றாளா?”

இதற்கு நாகஜோதி ‘ஆமாம்’ என்றால் பிள்ளை அவளுக்கு. ‘இல்லை’ என்றால் உண்மை அவளுக்கு. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான் பெற்றவனும் இல்லை, வளர்த்தவனும் இல்லை, கடையில் மோட்டார் ரிப்பேருக்கு நின்றவன். போன் இன்னும் கட்டாகவில்லை. சீனியம்மாள் அந்தப் பக்கம் காத்திருக்கிறாள், பிள்ளை இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நாகஜோதியாக இருந்தால் என்ன சொல்வீர்களோ அதை அவள் வாயில் எழுதிக்கொள்ளுங்கள்.

“அக்கா,